வலது காலில் ஒரு பிரேக்

பயிற்சிக்கு வந்த பன்னிரண்டாம் நாள், படகு பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தபோது, பூங்கோதையின் வலது கால் எதையோ அழுத்தியது.

மூன்று வருடமாக அந்தக் காலில் ஒன்றும் தெரியாது. ஒருமுறை கொதிக்கிற டீயைக் கொட்டிக்கொண்டு, தோல் கொப்பளித்ததைப் பார்த்த பிறகுதான் சுட்டது என்றே தெரிந்தது. இப்போது பாலத்தின் மேல் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அடுத்த கணம் பாதத்துக்குக் கீழே கெட்டியாக ஏதோ இருப்பதுபோலவும், குதிகாலை ஊன்றி முன்பாதத்தால் அதை மிதிப்பதுபோலவும் இருந்தது. குனிந்து பார்த்தாள். கால் அசையவே இல்லை. தொடைக்கு மேல் போட்டிருந்த கட்டுக்குள் அப்படியே கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் கத்தி அழுதிருப்பார்கள். பூங்கோதை கத்தவில்லை. பதினொரு வருடம் முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தவள். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற வேலை. தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் அசைந்தால் அதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை; தராசில் கோளாறு என்று அர்த்தம்.

அவளை உறுத்தியது இதுதான். வாழ்க்கையில் ஸ்கூட்டர் தவிர வேறெதையும் அவள் ஓட்டியதில்லை. ஸ்கூட்டருக்குப் பிரேக் கையில் இருக்கும். காலால் இப்படி மிதிக்க இந்தக் கால் எங்கே கற்றுக்கொண்டது?

துடுப்பை இழுத்துக்கொண்டே எதிரே பார்த்தாள். இந்தப் படகில் இருவருமே போகிற திசைக்கு முதுகு காட்டி, ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். அதனால் அவள் கண்ணெதிரே எப்போதும் இருப்பது படகில் அவளுக்கு ஜோடியான இன்னாசியின் முதுகு. நாற்பத்தைந்து வயதிருக்கும். அகலமான தோள். பின்கழுத்தில் நரை. அந்தத் தோள்கள் இரண்டும் இப்போது காதுவரை ஏறி, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"என்ன ஆச்சு இன்னாசிண்ணா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம். ஹாரன் சத்தம்."

அந்த மையம் முட்டுக்காட்டுக்குத் தெற்கே கழிமுகத்தின் கரையில் இருந்தது. முதுகெலும்பு அடிபட்டவர்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம். கவிழாமலிருக்க இரண்டு பக்கமும் மிதவை வைத்த அகலப் படகுகள். நகராத இருக்கை. இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யாவிட்டாலும் முதுகும் கையும் தோளும் இருந்தால் போதும். இதெல்லாம் பழைய ஏற்பாடுதான். புதிதாக வந்தது முதுகில் ஒட்டுகிற பட்டை.

அதன் பொறியாளர் ஃபர்சானா. இருபத்தெட்டு வயது. எதைக் கேட்டாலும் கை ஆட்டி விளக்கினால்தான் அவளுக்குத் திருப்தி. அன்று பயிற்சி முடிந்ததும் பூங்கோதை சக்கர நாற்காலியை நேராக அவள் அறைக்கு விட்டாள்.

"எனக்கு முதல்ல இருந்து சொல்லு. இந்தப் பட்டை என்ன பண்ணுது?"

"மூளை அனுப்புற உத்தரவு உடைஞ்ச எலும்பு வரைக்கும் வந்து நின்னுடுதுக்கா. பட்டை அதை அங்க பிடிச்சு, உடைப்பைத் தாண்டிக் கீழ இறக்குது. எல்லாருக்கும் அவ்ளோதான். ஜோடிப் படகுல கூடுதலா ஒண்ணு இருக்கு. முன்னாடி உக்கார்ந்து தாளம் போடுறவரோட உத்தரவை ரெண்டாவது ஆளோட பட்டைக்கும் கொஞ்சம் அனுப்புவோம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இழுக்கணும்ல?"

"அப்ப என் கால்ல இன்னைக்கு வந்தது?"

ஃபர்சானா கணினியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "இக்னேஷியஸ் சாரோடதுதான். அவர் மூளை காலுக்கு ஏதோ உத்தரவு போட்டிருக்கு. அவர் காலுக்கு அது போய்ச் சேரல. உங்களுக்குச் சேர்ந்து, மிதிக்கிற உணர்வா மட்டும் தெரிஞ்சிருக்கு."

"யாரு இக்னேஷியஸ்?"

"நம்ம இன்னாசி சார்தான். ஆவணத்துல அப்படித்தான் இருக்கு."

பூங்கோதை திரையில் அந்தப் பெயரைப் படித்தாள். பிறகு, "எங்க ரெண்டு பேரையும் ஜோடி சேர்த்தது யாரு?" என்றாள்.

"கணினிதான். திடுக்கிடுறதை வச்சுப் பொருத்தம் பார்க்கும். தண்ணில ஆளைக் கவுக்கிறது அதுதானே? ஒரு சத்தத்துக்கு ஒருத்தர் இந்தப் பக்கமும் இன்னொருத்தர் அந்தப் பக்கமும் துள்ளினா படகு ஆடிடும். உங்களுக்கும் அவருக்கும் நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. இங்க யாருக்குமே இவ்வளவு வந்ததில்ல. நாங்க ட்ரீட் எல்லாம் கொடுத்தோம்க்கா."

வீட்டுக்கு வந்ததும் பூங்கோதை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து விபத்து விசாரணைக் கோப்பை எடுத்தாள். மூன்று வருடத்தில் அதன் ஓரங்கள் மெழுகுபோல் வழவழத்திருந்தன.

வெளிவட்டச் சாலையில் அன்று காலை ஏழு மணிக்குப் புகை. பக்கத்துக் குப்பைமேடு இரவே பற்றி எரிந்து, காற்று திரும்பியதும் புகை மொத்தமாகச் சாலையில் இறங்கிவிட்டது. பூங்கோதை தங்கை எழிலியை நேர்முகத் தேர்வுக்கு ஸ்கூட்டரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவிருப்பது புகை வரைக்கும்தான். ஒன்பது நாள் கழித்துக் கண் விழித்தபோது எழிலியை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகியிருந்தது. ஸ்கூட்டரைத் தவிர்த்துப் பதினொரு வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததில், யார் யாரை இடித்தார்கள் என்று நிர்ணயிக்க இயலவில்லை என்று விசாரணை முடிந்தது.

அம்மா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதுவும் மருத்துவமனையில், தலை வாரிவிடும்போது. "கடைசி நேரத்துல அவளப் பிடிச்சியா கோதை?" பூங்கோதைக்கு நினைவில்லை. அம்மா பிறகு கேட்கவில்லை. ஆனால் பூங்கோதை பதினொரு பேரின் வாக்குமூலங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்தாள். எல்லோரும் நின்றிருந்தார்கள். எல்லோரையும் வேறு யாரோ இடித்தார்கள்.

ஏழாவது தாள். ரொட்டி வேன் ஓட்டுநர் டி. இக்னேஷியஸ். "புகை அடர்த்தியாக இருந்ததால் எனக்கு முன்னால் இருந்த எதையும் நான் பார்க்கவில்லை."

பெயர் ஒன்றாக இருக்கலாம். உலகத்தில் ஒரே ஒரு இக்னேஷியஸா இருக்கிறார்? அவள் தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாள் படகில் ஏறும்போதே கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எப்படி அடிபட்டுச்சுண்ணா?"

இன்னாசி மிதவை மேடையிலிருந்து இருக்கைக்கு உடம்பை நகர்த்திக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. "மாடியில இருந்து விழுந்துட்டேன் மேடம்."

"அதுக்கு முன்னாடி என்ன வேலை?"

"பேக்கரில இருந்தேன்."

முதலாவது பொய். இரண்டாவதில் பாதி உண்மை. போலி எடைக்கல் வைத்திருக்கும் வியாபாரி முழுப்பொய் சொல்லமாட்டான் என்பது அவள் அனுபவம். பாதியை உண்மையாகச் சொல்லி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அடுத்த ஒரு வாரம் அவள் துடுப்பைவிட அந்த முதுகைத்தான் அதிகம் கவனித்தாள். எதற்கெல்லாம் கால் அழுத்துகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். பயிற்சியாளர் ஊதும் விசிலுக்கு இல்லை. கரையில் நாய் குரைத்ததற்கு இல்லை. பாலத்தில் போகும் கார், பஸ், பைக் எதற்கும் இல்லை. கனரக லாரியின் ஹாரனுக்கு மட்டும், அதுவும் முதுகுப் பக்கமிருந்து வந்தால் மட்டும். வந்தபோதெல்லாம் பாதம் மிதித்தது. மிதிக்கும் அந்தக் காலை அவள் வெறுத்தாள். எழிலியை ஏற்றிக் கொன்ற வண்டியின் பிரேக் தன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றிய நாளில் மதியம் சாப்பிட முடியவில்லை.

அதே வாரத்தில்தான் பயிற்சியாளர் இருவரையும் கூப்பிட்டு, "அடுத்த மாசம் மாநிலப் போட்டிக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் கொடுத்திருக்கேன். இப்படி ஒட்டிக்கிட்டு இழுக்கிற ஜோடிய நான் பார்த்ததே இல்ல" என்றார். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். பூங்கோதை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கழிமுகத்தின் நடுவில், பயிற்சியாளரின் விசைப்படகு தூரத்தில் இருந்தபோது, அவள் இரண்டு துடுப்பையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். படகு வேகம் குறைந்து நின்றது.

"ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?"

"ரொட்டி வேன் ஓட்டுனது நீங்கதானே?"

அந்த முதுகு அசையவில்லை. கட்டுப்போட்ட இருக்கையில் அவரால் திரும்பவும் முடியாது. தண்ணீர் மிதவையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டி. இக்னேஷியஸ். வெளிவட்டச் சாலை. ஏழாவது வண்டி. மாடியில இருந்து விழுந்தேன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம். நான்தான்."

"என் தங்கச்சி பேரு எழிலி. இருபத்தாறு வயசு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"நீங்கதான் இடிச்சீங்களா?"

"நான் நின்னுட்டேன் மேடம். சத்தியமா நின்னுட்டேன். பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. ஹாரன விடாம அடிச்சுக்கிட்டே வந்துச்சு. பிரேக்க மிதிச்ச காலை நான் எடுக்கவே இல்ல. அது வந்து மோதினதுல என் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. முன்னாடி யார் இருந்தாங்கன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"பதினொரு பேரும் நின்னுட்டுதான் இருந்தாங்களாம்" என்றாள் பூங்கோதை. "நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன்."

விசைப்படகு அவர்களை நோக்கித் திரும்பியது. அவள் துடுப்பை மறுபடி தண்ணீரில் இறக்கினாள். வேறு வழியில்லை, கரைக்குப் போக வேண்டுமென்றால் அவரோடு சேர்ந்துதான் இழுத்தாக வேண்டும். அன்றைக்கும் இருவரின் இழுப்பும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ஃபர்சானாவுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அல்லா! தொண்ணூத்தி நாலு எப்படி வந்துச்சுன்னு நாங்க யோசிக்கவே இல்லையேக்கா. ஒரே இடத்துல, ஒரே நிமிஷத்துல பயந்த ரெண்டு பேர்... பொருந்தாம என்ன செய்யும்? நாளைக்கே ஜோடிய மாத்திடறேன்."

"மாத்தாதே. எனக்கு ஒரு சோதனை வேணும்."

"என்ன சோதனை?"

"படகுல வரது அரைகுறையா வருது. அந்த இணைப்பைக் கூட்டி வை. தண்ணில வேண்டாம், உள்ள இருக்கிற துடுப்பு மிஷின்ல உக்காருறோம். லாரி ஹாரனை நீ போடு. ஓடுற வண்டி மோதினா ஓட்டுறவன் முன்னாடி போய் விழுவான். நிக்கிற வண்டியப் பின்னாடி இருந்து அடிச்சா முதுகு சீட்டுல அறையும். இது ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும்."

ஃபர்சானா தயங்கினாள். "இது சாட்சி ஆகாதுக்கா. உடம்பு சொல்றதெல்லாம் நடந்ததுன்னு இல்ல. மூணு வருஷமாத் தினமும் கனவுல பிரேக் போட்டிருந்தார்னா, அந்தக் கனவும் இப்படித்தான் வரும்."

"பரவால்ல. நான் கோர்ட்டுக்குப் போகல."

"அவர் சம்மதிக்கணும்."

வாசலில் இன்னாசியின் சக்கர நாற்காலி நின்றிருந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. "போடும்மா" என்றார். "எனக்கும் தெரிஞ்சாகணும். நான் நின்னேனா, நின்னதா நானே சொல்லிக்கிறேனான்னு சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கு."

கொட்டகையில் இரண்டு இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, வழக்கம்போல் அவரை முன்னால் உட்கார வைத்தார்கள். பத்து நிமிடம் சும்மா இழுத்தார்கள். எப்போது ஹாரன் வரும் என்று ஃபர்சானா சொல்லவில்லை.

வந்தது.

வலது பாதம் மிதித்தது. படகில் வந்ததுபோல் மங்கலாக இல்லை. முழங்கால் பூட்டி, தொடை இறுகி, இடுப்பெலும்பு வரைக்கும் ஏறி மிதித்தது. ஹாரன் நீண்டுகொண்டே போனது. கால் மிதியை விடவில்லை. பூங்கோதை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வண்டி முழுவதையும் அந்த ஒற்றைக் காலால் பூமியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள நினைப்பதுபோல் இருந்தது. நான்கு. அப்போது முதுகில் விழுந்தது அடி. மார்பு முன்னால் போகவில்லை. முதுகுதான் இருக்கையில் அறைபட்டது. அந்த அடிக்குப் பிறகும் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. முதுகெலும்பு உடைந்த பிறகும், மிதிக்கக் கால் இல்லாத பிறகும், அந்த உத்தரவு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்து!" என்று பூங்கோதை கத்தினாள்.

ஃபர்சானா ஓடிவந்து பட்டையைக் கழற்றினாள். பூங்கோதைக்கு மூச்சு வாங்கியது. முன்னால் இன்னாசி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நின்னுட்டிருந்தீங்க" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பாமலே பேசினார். "மேடம், எனக்கும் உங்ககிட்ட இருந்து ஒண்ணு வந்துச்சு."

"என்ன?"

"உங்க இடது கை. ஹாண்டிலை விட்டுட்டுப் பின்னாடி போச்சு. பின்னாடி இருக்கிறவங்களப் பிடிக்கிற மாதிரி. எட்டிப் பிடிச்சுது மேடம்."

பூங்கோதை தன் இடது கையைப் பார்த்தாள். மூன்று வருடமாக அந்தக் கையிடம் எத்தனை முறை கேட்டிருப்பாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதாள்.

அன்று மாலை அடுக்களையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூங்கோதை நாற்காலியை வாசலோடு நிறுத்தி, "பிடிச்சேம்மா" என்றாள். அம்மாவுக்கு எது, யாரை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கீரைக்கட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப அவ தனியாப் போகல" என்றாள். மறுநாள் காலை, மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக, எழிலியின் பெட்டியைத் திறந்து துணிகளை வெயிலில் போட்டாள்.

மூன்றாம் நாள் ஃபர்சானா அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தாள். பூங்கோதை சாதாரணமாகத்தான் கேட்டாள். "அவருக்கு என்கிட்ட இருந்து வந்ததையும் சேர்த்து எழுதிக் கொடு. அம்மாகிட்ட காட்டணும்."

"உங்ககிட்ட இருந்தா?" ஃபர்சானா நிமிர்ந்தாள். "அவருக்கு எப்படிக்கா வரும்? இணைப்பு ஒரு பக்கம்தான். தாளம் போடுறவர்கிட்ட இருந்து உங்களுக்கு. உங்ககிட்ட இருந்து அவருக்கு ஒண்ணுமே போகாது."

"அன்னைக்குக் கூட்டி வச்சப்ப?"

"அப்பவும் அதே பக்கம்தான்."

பூங்கோதைக்கு அடுக்களையில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. போலி முத்திரை குத்திய கல்லை வாங்கிப்போய் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். வெயிலில் காய்ந்த அந்தத் துணிகள் கண்ணில் வந்து நின்றன. இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யா? தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதா? இந்தக் கை பொய் என்றால் அந்தக் கால்? கனவும் இப்படித்தான் வரும் என்று இந்தப் பெண் அன்றே சொன்னாளே?

ஃபர்சானா தாழ்ந்த குரலில், "உங்க பட்டையில உங்களோட பதிவு இருக்கும்க்கா. ஹாரனுக்கு உங்க இடது தோள் என்ன பண்ணுச்சுன்னு அதுல பார்த்துடலாம். எடுக்கவா?" என்றாள்.

பூங்கோதை நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள். "முதல்ல அவர்கிட்ட கேக்கிறேன்" என்றாள்.

இன்னாசி மேடையின் ஓரத்தில் துடுப்புகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைக் கொண்டுபோய் அவருக்கு எதிரே நிறுத்தினாள். இத்தனை நாளில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல் முறை.

"என்கிட்ட இருந்து உங்களுக்கு எதுவும் வராதாம். ஃபர்சானா சொல்லிட்டா."

அவர் துணியை மடியில் வைத்தார். மறுக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டேண்ணா. உங்க பேச்சை நம்பிச் சொல்லிட்டேன். எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அது பொய் இல்ல மேடம்."

"பின்ன?"

"வந்துச்சுன்னு சொன்னதுதான் பொய்." அவர் அவளைப் பார்த்தார். "நான் பார்த்தேன்."

பூங்கோதை நாற்காலியை இன்னும் ஓரடி முன்னே நகர்த்தினாள்.

"புகை கொஞ்சம் விலகுச்சு. பம்பருக்கும் உங்க ஸ்கூட்டருக்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்கும். அதனாலதான் நிறுத்தினேன். நீங்களும் நின்னுட்டிருந்தீங்க, போக வழி தெரியாம. அப்பதான் பின்னாடி ஹாரன் சத்தம். நீங்க திரும்பினீங்க. உங்க முகத்தப் பார்த்தேன். இடது கையப் பின்னாடி விட்டு அந்தப் பொண்ணு இடுப்பச் சுத்திப் பிடிச்சீங்க. அது ரெண்டு கையாலயும் உங்க கைய இறுக்கிக்கிச்சு. அதுக்கப்புறம்தான் என் வண்டிய..." அவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டார்.

"எதையும் பார்க்கலன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"கேக்கும்போது ஆஸ்பத்திரியில கிடந்தேன். பார்த்தேன்னு சொன்னா, ஏத்தினது என் வண்டிதான்னு நானே சொல்றதா ஆயிடும். லாரிக்காரன் வண்டியப் பின்னாடி எடுத்துட்டு ஓடிட்டான், யாருன்னே தெரியல. எனக்கு அப்ப பயம்தான் மேடம். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

"இங்க என்னை எப்ப அடையாளம் தெரிஞ்சுது?"

"முதல் நாளே. ஜோடிய மாத்தச் சொல்லலாம்னு ரெண்டு தடவ அந்தப் பொண்ணு ரூம் வாசல் வரைக்கும் போனேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றது? அப்புறம் உங்களுக்குக் கால்ல வந்துச்சுன்னு தெரிஞ்சதும், இனி ஒளிய முடியாதுன்னு புரிஞ்சுது. அன்னைக்கு மிஷின்ல நீங்க 'நின்னுட்டிருந்தீங்க'ன்னு சொன்னீங்க. அதக் கேட்டப்புறம் உங்க கையப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. பார்த்தேன்னு சொல்லத் தைரியம் வரல. அதான் அப்படி மாத்திச் சொன்னேன்."

கழிமுகத்தில் காற்று திரும்பி, மேடை லேசாக ஆடியது. கொட்டகையின் வாசலில் ஃபர்சானா நின்றிருந்தாள். கையில் பூங்கோதையின் பட்டை. எடுத்துப் பார்க்கவா என்று அவள் கேட்டது தூரத்திலிருந்தே முகத்தில் தெரிந்தது.

பூங்கோதை வேண்டாம் என்று தலையசைத்தாள். இந்த மனிதர் சொன்னதை நம்பித்தான் வேண்டாம் என்றாளா, கை நீளவே இல்லை என்று பதிவில் வந்துவிடுமோ என்ற பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. பதினொரு வருட வேலையில் ஒரு கல்லைக்கூடச் சோதிக்காமல் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை.

"எங்கம்மாவ நீங்க பார்க்கணும்" என்றாள். "வந்துச்சு கிந்துச்சுன்னு சொல்லக்கூடாது. பார்த்தேன்னு சொல்லணும்."

"வரேன் மேடம்."

"அப்புறம் ஸ்டேஷன்ல போய் வாக்குமூலத்த மாத்திக் கொடுக்கணும். லாரியையும் சேர்த்து. உங்க மேலயே கேஸ் திரும்பலாம்."

அவர் துணியை மடித்துத் துடுப்பின் அலகின் மேல் வைத்தார். "திங்கக்கிழமை போலாமா?" என்றார். "ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு, வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். அவளுக்கே இது தெரியாது."

ஞாயிறு மதியம் இன்னாசி வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்துதான் இருந்தார். முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி உள்ளே போனவள் அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் ஆனது. பழைய கோப்பைத் தேடி எடுக்கவே இரண்டு மணி நேரம். மறுவிசாரணை வரலாம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி இன்னாசியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை பயிற்சிக்கு இருவரும் வந்திருந்தார்கள். பூங்கோதை ஃபர்சானாவிடம், "ரெண்டு பட்டைக்கும் நடுவுல இருக்கிற இணைப்ப எடுத்துடு" என்றாள்.

"எடுத்தா போட்டியில கடைசியாத்தான் வருவீங்க."

"வரோம்."

"அப்ப தாளம் எப்படிச் சேரும்?"

"மத்தவங்களுக்கு எப்படிச் சேருதோ அப்படி. இன்னொண்ணு, இன்னைக்கு முன்னாடி நான் உக்காரப் போறேன். அவர் பின்னாடி."

இன்னாசி நாற்காலியைப் பின்னால் நகர்த்தி அவளுக்கு வழி விட்டார்.

மேடையிலிருந்து பலகை வழியாக நகர்ந்து பூங்கோதை முன் இருக்கையில் உட்கார்ந்து, தொடைக்கட்டை இறுக்கிக்கொண்டாள். எதிரே யாருடைய முதுகும் இல்லை. விரிந்த தண்ணீரும் விலகிப்போகும் கரையும்தான் இருந்தன. பின்னால் இன்னாசி ஏறியபோது படகு தாழ்ந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. அவள் கழுத்தின் பின்புறம் முழுவதும் விழித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

முதல் இழுப்பிலேயே இரண்டு துடுப்பும் மோதிக்கொண்டன. இரண்டாவதில் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. கால்கள் இரண்டும் முன்புபோலவே ஒன்றும் சொல்லாமல் கிடந்தன.

"மேடம்" என்றது பின்னாலிருந்து குரல். "சத்தமா எண்ணுங்க. உங்க தோளப் பார்த்துக்கிட்டே வரேன்."

அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, துடுப்பை முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.